மாப்பிள்ளை கொடுத்த கத்தி

லாரிக்காரம்மாவுக்கு அந்த நாற்றம் கடைசிவரை பழகவே இல்லை. போகப் போகப் பழகிவிடும் என்று கல்யாணமான புதிதில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தர்கூட அந்தத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தவர் இல்லை.

பெரிய சமையலறைகளில் எச்சில் தட்டு கழுவுகிற தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. கட்டடத்துக்கு அடியில் ஒரு தொட்டியில் வந்து விழும். தண்ணீர் கீழ்வழியாக ஓடிவிட, எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து, ஆறி, இறுகி ஏடாக நின்றுவிடும். பார்க்க வெளுத்த மெழுகு மாதிரி இருக்கும். கோலால் ஒரு குத்துக் குத்தினால் போதும், உள்ளே இருக்கும் சாம்பல் நிறச் சேறு குபுக்கென்று மூச்சு விடும். அழுகின முட்டை, புளித்த பால், செத்த எலி எல்லாம் ஒன்றுசேர்ந்து மூஞ்சியில் அறையும். அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போவதுதான் அவர்கள் பிழைப்பு. தொட்டிக்குள் இறங்குவது அவள் புருஷன். தொழில் தெரிந்த இடத்திலெல்லாம் அவருக்குத் தொட்டிக்காரர் என்றே பெயர். மேலே நின்று குழாயைப் பிடிப்பதும், உறிஞ்சியதைச் சுமந்து போகிற லாரியை ஓட்டுவதும் அவள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் குளித்து, தலை முழுகி, உடுப்பை வாசலிலேயே வாளியில் ஊறப்போட்டு, அப்புறமும் ஒரு மணி நேரம் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தொட்டிக்காரருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தட்டு காலியாகும்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரப்பரைக் கீற, குழாய் மூட்டில் சுற்றிய டேப்பை அறுக்க, குழாய் வாயில் கல்லாகிப்போன கொழுப்பைச் சுரண்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். வேலை முடிந்ததும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சோப்புத்தூள் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். விட்டுவிட்டு அதே கத்தியால் ஆரஞ்சுப் பழம் உரிப்பார்.

"ஐயே, அந்தக் கத்தியாலயா?" என்பாள் அவள்.

"கொதிக்க வெச்சுக் கழுவியாச்சு. உன் நாக்கைவிடச் சுத்தமா இருக்கு."

"என் நாக்கு எந்தத் தொட்டிக்குள்ளயும் போகல."

இதற்கு முன்னால் வைத்திருந்த கத்தி மரப்பிடி போட்டது. ஒருநாள் கைநழுவிச் சேற்றுக்குள் போனது போனதுதான். புதிது வாங்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் விரித்தார், மடக்கினார், காதோரம் வைத்துக் கீலின் சத்தத்தைக் கேட்டார். பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்து அலகின் நீளத்தை அளந்தார். தன் நாலு விரலின் அகலத்துக்கு அதை வெட்டி வைத்திருந்தார்.

"அண்ணே, கத்தி வாங்க வந்தீங்களா, கத்திக்கு வரன் பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"தம்பி, நான் போற இடமெல்லாம் ஆஸ்பத்திரி, ஓட்டலு, ஆபீசு. வாசல்ல தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவான். சட்டைப் பையில மடக்குக் கத்தி வெச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா அலகு நாலு விரல் அகலத்தைத் தாண்டக் கூடாது. விரிச்சா பூட்டிக்கக் கூடாது, அமுக்கினா மடங்கணும். பட்டனைத் தட்டினா படக்குன்னு பாயுமே, அந்த ரகம் இருக்கவே கூடாது. அதுக்கு மேல பெருசு வேணும்னா வேலைப் பெட்டியில பூட்டி வெச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும். இதுல ஒண்ணு தப்பினாலும் உள்ள போற என் பாஸைப் புடுங்கிடுவான். பாஸ் போனா எவன் வாசல்லயும் ஏற முடியாது."

கடைசியில் மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்றை எடுத்தார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. "மஞ்சளா இருந்தா சேத்துல விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பிடியில துளை இருக்கு, கயிறு கட்டிக்கலாம். பிளாஸ்டிக்குல நாத்தமும் ஏறாது," என்றார். ஏறும் என்று அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. வீடு வரும்வரை அதைப் பையிலிருந்து எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மனுஷன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

மகளைக் கட்டிக்கொடுத்த இடம் பார்வைக்குக் குறையில்லாத இடம். மாப்பிள்ளை ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் காவல் வேலையில் இருந்தான். கல்யாணமான கொஞ்ச நாளில் அவனைச் சூப்பர்வைசராக்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அதே ஆஸ்பத்திரியின் தொட்டிக்குத்தான் இவர்கள் பல வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் முகத்தை நினைத்து லாரிக்காரம்மா வாயால் "வாங்க மாப்பிள்ளை" என்பாள். மனசுக்குள் அவன் இவன்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மாற்றல் வந்த வாரமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "மாமா, வேலை பாக்கற இடத்துல நாம சொந்தம்னு காட்டிக்க வேணாம். சூப்பர்வைசர் தன் ஆளுங்களுக்குச் சலுகை காட்டறான்னு பேச்சு வரும்," என்றான்.

"நியாயந்தானே மாப்பிள்ளை," என்றார் தொட்டிக்காரர்.

அவன் போனதும் அவள் பிடித்துக்கொண்டாள். "சலுகையாம், சலுகை! கொழுப்பு அள்ளறவன் என் மாமனாருன்னு சொல்ல வெக்கமா இருக்கு. அதைச் சொல்லத் துப்பில்ல."

"நீ ஒருத்தி. நல்லது சொன்னாலும் அதுல நாலு நொட்டை கண்டுபிடிப்பே."

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் லாரியை நிறுத்தினால் அவன் வேற்றாள் மாதிரி வந்து பாஸை வாங்கிப் பார்ப்பான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ம், ம், சீக்கிரம் எடுங்க," என்பான். பெண்ணைக் கொடுத்த வீட்டில் மூக்கைப் பொத்தாமல் மூன்று வேளை தின்கிறவன்! அவளுக்குத் தொட்டி நாற்றம்கூடத் தேவலை என்றிருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் மகள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மகள் தட்டில் ஆப்பிள் கொண்டுவந்து வைத்தாள். தொட்டிக்காரர் வழக்கம்போல் மஞ்சள் கத்தியை எடுத்து விரித்தார். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன மாமா இது, எல்.கே.ஜி. பையன் பென்சில் சீவற மாதிரி! இருங்க." உள்ளே போய் ஒரு கத்தியைக் கொண்டுவந்து மாமனார் கையில் வைத்தான். கறுப்பாக, கனமாக இருந்தது. பிடியின் அடியில் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. விரித்ததும் டக்கென்று ஒரு சத்தம். "ஒரிஜினல் சாமான். உங்களுக்குன்னுதான் வெச்சிருந்தேன். இனிமே இதை வெச்சுக்கணும், சரியா?"

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை கையால் ஒன்று கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லாரிக்காரம்மா அதை எடுத்து விரித்து அலகை அமுக்கினாள். மடங்கவில்லை.

"பூட்டிக்குதுங்க."

"ம்."

"நீளமும் ஜாஸ்தியா இருக்கு. எங்க உங்க அட்டை? அளந்து பாருங்க."

தொட்டிக்காரர் முகம் சுளித்தார். "மாப்பிள்ளை ஆசையாக் கொடுத்ததை அட்டை வெச்சு அளக்கறதா? நல்லாவா இருக்கும்?"

"யார் பாக்கப் போறா? நாம ரெண்டு பேருதானே இருக்கோம்."

"யாரும் பாக்கலைன்னாலும் மரியாதை மரியாதைதான். இந்தா பாரு, அவரு வாசல்ல நிக்கறவரு. எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்குச் சட்டம் சொல்ற எடத்துல இருக்காரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

"அப்ப வேலைப் பெட்டியிலயாவது போட்டுப் பூட்டுங்க."

"பையில வெச்சுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு. வாசல்ல பாத்து, கத்தி எங்க மாமான்னு கேட்டா பெட்டியில கெடக்குதுன்னா சொல்றது?"

வாசலில் அவன் மாமா என்று கேட்டுக் கிழித்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கடைக்காரரின் உயிரை வாங்கி அளந்த மனுஷன், மாப்பிள்ளை கொடுத்தார் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு பையில் போட்டுக்கொண்டார். மஞ்சள் கத்தி சமையலறை அலமாரிக்குப் போயிற்று.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் புதிதாக, இரும்பைக் கண்டுபிடிக்கிற, கதவு நிலை மாதிரி ஒரு சோதனைச் சட்டம் நின்றது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மருமகன் கண்ணில் படவில்லை. நின்றது ஒரு காவல்காரப் பெண், சின்ன வயசு, கறாரான முகம். தொட்டிக்காரர் தாண்டியதும் சட்டம் கீச்சென்று கத்தியது. அவரே கத்தியை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் விரித்தாள், அமுக்கினாள். பிறகு பிடியைத் திருப்பிச் சிவப்பு நூலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்றாள்.

தொட்டிக்காரர் வாசலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பாஸையும் எடுத்து நீட்டினார். பாஸையும் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பெரிய அதிகாரியை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பின்னால் காய்கறி வண்டி ஹாரன் அடிக்க, லாரிக்காரம்மா காலி லாரியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினாள்.

சாயங்காலம் மருமகன் தனியாக வந்தான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவன் உறிஞ்சிக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, நான் கொடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கீழ தொட்டிகிட்ட கெடந்துச்சு, எடுத்தேன்னு சொல்லுங்க. எச்சரிச்சு விட்டுடுவாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஏன், நீங்க கொடுத்ததுன்னா என்ன மாப்பிள்ளை? கடையில வாங்கினதுதானே?" என்றாள் லாரிக்காரம்மா.

அவன் டம்ளருக்குள் பார்த்தான். "இல்ல அத்தை. உள்ள வர்றவங்ககிட்ட கத்தி கித்தி இருந்தா வாங்கி ஒரு பெட்டியில போடுவோம். கீழ்த்தளத்துல ஒரு ரூம்ல இருக்கும். அப்புறம் போலீஸ்ல ஒப்படைக்கணும். அதுல ஒண்ணு ரெண்டு அப்பப்ப எடுத்துக்கறதுதான். எல்லாரும் பண்றதுதான்."

"அடப்பாவமே. எவனோ ஒருத்தன்கிட்ட புடுங்கினதையா என் புருஷன் பையில வெச்சீங்க?"

"நல்ல கத்தி அத்தை. வெளியில கிடைக்காது."

"வெளியில வெச்சுக்கக் கூடாதுன்னுதானே கிடைக்கல!"

"ஏம்மா, சும்மா இரு," என்றார் தொட்டிக்காரர். அவர் முகம் செத்துப் போயிருந்தது. "மாப்பிள்ளை, கீழ கெடந்துச்சுன்னே சொல்லிடறேன். நீங்க கவலைப்படாதீங்க. பொண்ணு வாழணும் எனக்கு."

அவன் அடி டீயையும் விடாமல் குடித்துவிட்டுக் கிளம்பினான். அந்த டம்ளரை அவள் தேய்த்தாள். தேய்த்துக் கவிழ்த்தவள் மறுபடி எடுத்துத் தேய்த்தாள். பிறகு குப்பையில் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தொட்டிக் கறை படிந்த சட்டைகளைத் துவைத்திருக்கிறாள், ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, அவர் சொல்லிட்டாரா?"

"சொன்னார், சொன்னார். உங்கப்பனும் தலையாட்டிட்டாரு. நீ என்ன சொல்றே?"

"எனக்கு இந்த வீட்ல எதையும் தொடவே கூசுதும்மா. எந்த டிராயரைத் திறந்தாலும் யாரோட கத்தியாவது, கத்திரிக்கோலாவது, லைட்டராவது கெடக்கு. ஒரு குடை இருக்கு, அதுல ஒரு குழந்தையோட படம் ஒட்டியிருக்கு. இதை எதுக்கு எடுத்தீங்கன்னு கேட்டா சிரிக்கிறார்," என்றாள்.

"இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அன்னிக்கு அப்பா அந்தக் கத்தியைப் பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டார்!"

போனை வைத்ததும் மகள் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள், அப்படியும் அவர், "பொண்ணு வாழணும்," என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் நன்றாகத் தேய்த்துக் குளித்தார்கள். தொட்டிக்காரர் கல்யாணத்துக்குப் போகிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதிகாரி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மருமகன் ஒரு டப்பாவை அமுக்கி அறை முழுக்க எலுமிச்சை வாசனை தெளித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை, மூலையில் இன்னொரு தரம் புஸ்ஸென்று அடித்தான். போலி வாசனை தொண்டைக்குள் இறங்க, அவள் புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மேசைக்குப் பின்னால் பெரிய அதிகாரி, தலை நரைத்த ஆள். பக்கத்து நாற்காலியில் மருமகன் போய் உட்கார்ந்துகொண்டான். சுவரோரம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. கதவருகே அந்தக் காவல்காரப் பெண் நின்றாள். இவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதிகாரி கத்தியை விரித்து ஸ்கேலை வைத்து அளந்தார். "அளவு தாண்டுது. பூட்டும் விழுது. இத்தனை வருஷமா வர்றீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க ஐயா," என்றார் தொட்டிக்காரர்.

மருமகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "பெரியவரே, இதை எங்க வாங்கினீங்க?"

பெரியவரே! லாரிக்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வாங்கலைங்க. கீழ தொட்டிகிட்ட கெடந்துச்சு. எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"சரி, சரி. தெரியாமப் பண்ணிட்டார் சார். எச்சரிச்சு அனுப்பிடலாம்," என்றான் மருமகன்.

அதிகாரி அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"சார், இது நான் பறிமுதல் பண்ண கத்தி. போன மாசம் ஒரு லாரி டிரைவர்கிட்ட வாங்கினேன், தரமாட்டேன்னு சண்டை போட்டார். இந்தச் சிவப்பு நூலை அவரே சுத்தினதாம். நான்தான் கொண்டுபோய்க் கீழ் ரூம் பெட்டியில போட்டேன்."

அதிகாரி கத்தியை மேசைமேல் வைத்தார்.

"அப்போ தரையில கெடக்க வழியில்ல. பூட்டின ரூம்ல பூட்டின பெட்டிக்குள்ள இருந்தது. இது கத்தி வெச்சிருந்த விஷயம் இல்ல, திருட்டு. போலீஸுக்குத்தான் போகும். என்ன சூப்பர்வைசர், அந்த ரூம் சாவி உங்ககிட்டதானே?"

தொட்டிக்காரர் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். இப்போதாவது மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அந்த மனுஷன் நம்பியது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மருமகன் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டான். "ரூமைச் சுத்தம் பண்றப்போ சில நேரம் கதவு திறந்தே இருக்கும் சார். தொட்டி பக்கத்துலதான் இருக்கு. பெட்டிப் பூட்டும் பழசு. இந்த மாதிரி ஆளுங்க கீழ வந்து போறாங்க... நாம எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்க முடியாதில்ல."

இந்த மாதிரி ஆளுங்க. முழு லாரிச் சேற்றையும் தலையில் கவிழ்த்திருந்தாலும் இப்படி அருவருத்திருக்காது. பொறுத்துக்கொள் பொறுத்துக்கொள் என்று புருஷன் சொன்னதெல்லாம், மகளின் முகம், இனி அந்த வீட்டில் என்னென்ன நடக்குமோ என்ற பயம், எல்லாம் ஒரு நொடி வந்து நின்றன. மகள் ராத்திரி போனில் சொன்ன குடையும் வந்து நின்றது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"மாப்பிள்ளை," என்றாள், நாலு பேர் காதிலும் விழும்படி. "உங்க மாமனார் ரொம்ப நேரமா நிக்கறார். அந்த நாற்காலியை எடுத்துப் போடுங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "மாமனாரா? இவங்க உங்களுக்கு உறவா?"

மருமகனின் முகத்தில் ஈயாடவில்லை. இவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், எலுமிச்சை டப்பாவைப் பார்த்தான்.

"தூரத்துச் சொந்தம் சார்," என்றான்.

திருட்டுப் பட்டம் கட்டியபோதுகூடத் தொட்டிக்காரர் முகம் இப்படி மாறவில்லை. ஏதோ கெட்டுப்போனதை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு அவரே போய் நாற்காலியை இழுத்து மேசைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, நான் முன்னாடி சொன்னது பொய்யிங்க. மன்னிச்சுக்கணும். இந்தக் கத்தியை எனக்குக் கொடுத்தது இவருதான். இவரு வீட்லதான், என் பொண்ணு முன்னாடி, சாப்பிட்ட கையோட கொடுத்தாரு. அதை அளந்து பாக்காம பையில போட்டது என் தப்பு. அதுக்கு என் பாஸை எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா நான் திருடல."

"மாமா..." என்றான் மருமகன். குரல் குழைந்து வந்தது. மேசைக்கு அடியில் கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டான். "மாமா, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுங்க மாமா."

தொட்டிக்காரர் அந்தக் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. ஐயா கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, மகள் வீட்டு டிராயர்களில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.